பிந்தி வந்த ரசிகர்கள்

பந்து உதைக்கப்படும் நொடியில் எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நிற்கக் கூடாது என்கிற ஆஃப்சைடு விதி எனக்கு முப்பது வயதைக் கடந்த பிறகுதான் பிடிபட்டது. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. 2015-16 பருவத்தில் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி அணியில் ஆடிய ஜேமி வார்டி என்ற மனிதர் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களோடு தோளுக்குத் தோள் நின்று, பந்து தன் பக்கம் உதைக்கப்படும் நொடிக்காகக் காத்திருந்து, பிறகு வில்லை விட்டுக் கிளம்பிய அம்புபோல ஓடுவதை வாரந்தோறும் பார்த்துப் பார்த்து, அந்த ஓட்டம் சில சமயம் ஏன் கோலாகிறது, சில சமயம் ஏன் துணை நடுவரின் கொடி உயர்கிறது என்பது தானாகவே விளங்கியது. அதற்கு முன்பு எனக்குக் கால்பந்து என்பது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போகிற ஒரு மாதத்து ஆரவாரம் மட்டுமே.

இதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன் என்றுதான் எழுதத் தொடங்கினேன். பிறகு அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன், ஏனென்றால் வெட்கம் ஏதும் இல்லை. நெடுநாள் ரசிகர்களுக்கு எங்களைப் போன்றவர்களைப் பிடிக்காது என்பது தெரியும். மழையிலும் தோல்வியிலும் நின்று படைக்கு முந்தியவர்கள் அவர்கள். நாங்கள் பந்திக்கு மட்டும் முந்துகிறவர்கள். இந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. மறுபாதியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். வெற்றி மட்டுமே எங்களை இழுத்துவருகிறது என்றால் ஆண்டுதோறும் கோப்பை வெல்லும் பெரிய அணிகளுக்கு நாங்கள் எப்போதோ அடிமையாகியிருக்க வேண்டும். ஆனால் கால்பந்தைப் பொருட்படுத்தாத ஓர் ஊர், அல்லது ஓர் ஊரின் கால்பந்தைப் பொருட்படுத்தாத பெரும்பகுதி, திடீரென ஓர் அணியைத் தன்னுடையது என்று சொல்லத் தொடங்கும்போது அங்கே வேறு ஏதோ நடந்திருக்கிறது.

லெஸ்டர் சிட்டியின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அது பெரும்பாலும் வெற்றியின் கதையாகவே சொல்லப்படுகிறது. 1884-இல் தொடங்கப்பட்ட அந்த கிளப் 132 ஆண்டுகளாக ஒருமுறைகூட இங்கிலாந்தின் முதல் பிரிவுப் பட்டத்தை வென்றதில்லை. 1928-29 பருவத்தில் இரண்டாம் இடம் பெற்றதே உச்சம். இங்கிலாந்து கிளப்புகளுக்கான எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு நான்கு முறை போய் நான்கு முறையும் தோற்றிருந்தது. 2008-இல் வரலாற்றில் முதல்முறையாக மூன்றாம் பிரிவுக்கே இறங்கியது. விளையாட்டில் அந்த நகரத்துக்குப் பெருமை தேடித் தந்தது ரக்பி அணியான லெஸ்டர் டைகர்ஸ்தான். கால்பந்து மைதானத்தில் சுமார் 32,000 பேருக்கு இடம் உண்டு. நகரத்தின் மக்கள்தொகையோ மூன்று லட்சத்துக்கும் மேல். அதாவது ஒவ்வோர் ஆட்டமும் நிரம்பி வழிந்தாலும், நகரத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு அது பக்கத்து வீட்டுக் கல்யாணம்தான்.

அந்த ஒன்பது பேர் தலைநிமிர்ந்து பார்க்கத் தொடங்கியது பட்டம் வென்ற பருவத்தில் அல்ல, அதற்கு முந்தைய பருவத்தில் என்பது என் கணிப்பு. 2014-15-இல் லெஸ்டர் 140 நாட்கள் புள்ளிப் பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்தது. கீழ்ப்பிரிவுக்கு இறங்குவது உறுதி என்று எல்லோரும் எழுதி முடித்திருந்த ஏப்ரலில், கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று பதினான்காம் இடத்தில் பருவத்தை முடித்தது. கார் நிறுத்துமிடம் ஒன்றின் அடியிலிருந்து 2012-இல் தோண்டியெடுக்கப்பட்ட இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்ட் மன்னனின் எலும்புகளை அந்த மார்ச் மாதக் கடைசியில்தான் நகரத்தின் பேராலயத்தில் முறைப்படி அடக்கம் செய்திருந்தார்கள். மன்னன் நிம்மதியாகப் படுத்த பிறகுதான் அணி எழுந்தது என்று ஊரார் சொல்லத் தொடங்கினார்கள். இப்படி ஒரு வேடிக்கைக் கதை கிடைத்துவிட்டால் போதும், ஆஃப்சைடு தெரியாதவரும் அணியைப் பற்றிப் பேசலாம். பட்டம் வெல்வது என்பது பெரும்பாலோருக்கு அனுபவத்தில் இல்லாத ஒன்று. மூழ்கப்போகிற நேரத்தில் கரையேறுவது என்பது எல்லோருக்கும் தெரிந்த ஒன்று.

அடுத்து வந்த கோடையில் அந்த அணி விரும்பத்தக்கதாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தாய்லாந்துப் பயணத்தின்போது எடுக்கப்பட்ட ஓர் இழிவான, இனவெறி தொனித்த காணொளிக்காக மூன்று இளம் வீரர்கள் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் மேலாளர் நைஜல் பியர்சனின் மகன். சில வாரங்களில் பியர்சனும் நீக்கப்பட்டார். ஒரு சூதாட்ட விடுதியில் ஜப்பானியர் ஒருவரை இனவெறிச் சொல்லால் இழிவுபடுத்தியதற்காக வார்டி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கிளப் அவருக்கு அபராதம் விதித்தது. அதே பருவத்தில் அவரோடு முன்களத்தில் இணைந்து ஓடி ஓடி உழைத்தவர் ஷின்ஜி ஒகசாகி என்ற ஜப்பானியர். தேவதைக் கதையாக இதைத் திருப்பிச் சொல்கிறவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிடித்துப்போன அணி மாசற்ற அணியாக இருந்துதான் ஆக வேண்டும் என்று நம்பத் தொடங்கினால், ஒன்று பொய் சொல்ல வேண்டிவரும் அல்லது விட்டுவிட்டுப் போக வேண்டிவரும்.

பியர்சனின் இடத்துக்கு வந்தவர் கிளாடியோ ரனியேரி. வயது 63, எந்த நாட்டிலும் முதல் பிரிவுப் பட்டம் வென்றதில்லை, அதற்கு முந்தைய வேலையாக கிரீஸ் தேசிய அணியைப் பயிற்றுவித்து, சின்னஞ்சிறு பரோயே தீவுகளிடம் சொந்த மண்ணிலேயே தோற்று வேலையிழந்தவர். லெஸ்டரில் பிறந்து அங்கேயே ஆடி வளர்ந்த கேரி லினேக்கர்கூட, ரனியேரியா, நிஜமாகவா என்று பொதுவெளியில் கேட்டார். பந்தய நிறுவனங்கள் லெஸ்டர் பட்டம் வெல்லும் வாய்ப்புக்கு 5,000-க்கு 1 என்று விலை வைத்தன. நடக்கவே நடக்காது என்பதைக் கணக்கு மொழியில் சொன்னார்கள்.

அந்தப் பருவத்தில் ஒருநாள் நான் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது என் அம்மா வந்து அமர்ந்தார். கால்பந்தைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே கருத்து, இத்தனை பேரும் ஆளுக்கொரு பந்து வாங்கிக்கொண்டால் சண்டை தீர்ந்துவிடுமே என்பதுதான். ஓரத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்த முதியவர் யார் என்று கேட்டார். பயிற்சியில் யாராவது தூங்கி வழிந்தால் 'டில்லி டிங், டில்லி டாங்' என்று இல்லாத மணியை அடிப்பதுபோலச் சொல்லி எழுப்புவாராம், கிறிஸ்துமஸுக்கு எல்லா வீரர்களுக்கும் நிஜமாகவே ஆளுக்கொரு சின்ன மணியைப் பரிசாகக் கொடுத்தாராம் என்று செய்தியில் படித்ததைச் சொன்னேன். "அந்த மணிக்காரர் ஜெயிக்கட்டும்" என்றார் அம்மா. அன்று முதல் எங்கள் வீட்டில் லெஸ்டர் என்ற பெயர் வழக்கொழிந்து, 'மணிக்காரர் டீம்' நிலைத்துவிட்டது.

ஓர் அணி, ஆட்டம் தெரியாதவர்களை எப்படித் தன் பக்கம் சேர்க்கிறது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் விடை இதுதான்: பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. தந்திரோபாயம் புரிய ஆண்டுகள் ஆகும். மணி புரிய ஒரு நொடி போதும். பருவத்தின் முதல் ஒன்பது ஆட்டங்களிலும் லெஸ்டர் கோல் வாங்கிக்கொண்டே இருந்தது. ஓர் ஆட்டத்தையாவது கோல் வாங்காமல் முடித்தால் எல்லோருக்கும் பீட்சா வாங்கித் தருகிறேன் என்று ரனியேரி சொல்லியிருந்தார். அக்டோபர் 24 அன்று கிரிஸ்டல் பேலஸை 1-0 என்று வென்ற பிறகு சொன்னபடி அழைத்துப்போனார். ஆனால் அங்கே மாவைக் கொடுத்து, உங்கள் பீட்சாவை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று நிறுத்திவிட்டார். கோடிகளில் சம்பளம் வாங்கும் வீரர்கள் கையெல்லாம் மாவாக நின்ற படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வீரர்கள் அன்றுதான் மனிதர்களாகத் தெரிந்திருப்பார்கள். இதெல்லாம் விளம்பரத் தந்திரமாக இருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கலாம். ஆனால் தந்திரம் என்றால் அதற்குப் பின்னால் கோல் வாங்காத ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்காது. பருவத்தின் பின்பாதியில் லெஸ்டர் ஆட்டத்துக்கு ஆட்டம் 1-0 என்றே வென்றுகொண்டிருந்தது.

இரண்டாவது விடை ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. லெஸ்டர் ஆடிய கால்பந்து, புதிதாகப் பார்க்கிறவரும் படிக்கக்கூடிய பெரிய எழுத்துப் புத்தகம். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நூறு முறை குறுக்கும் நெடுக்குமாகத் தட்டுகிற பெரிய அணிகளின் ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை அறியப் பழகிய கண் வேண்டும். லெஸ்டரோ பந்தை வைத்திருக்கும் நேரத்தில், இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகின் அடிமட்ட அணிகளில் ஒன்றாக இருந்தது. எதிரணி தட்டிக்கொண்டே வரும், எங்கிருந்தோ என்கோலோ கான்டே முளைத்துப் பந்தைப் பறிப்பார், டேனி டிரிங்க்வாட்டர் தலையைத் தூக்கிப் பார்த்து நீளமாக ஓர் உதை விடுவார், வார்டி ஓடுவார். அல்லது ரியாத் மஹ்ரேஸ் வலப்பக்கத்தில் பந்தை இடது காலுக்கு மாற்றி, தன்னை மறிப்பவரை இரண்டு முறை ஏமாற்றிவிட்டு உள்ளே வெட்டுவார். கதைக்கு முன்னும் பின்னும் உண்டு, நடுவில் மூச்சைப் பிடிக்க வைக்கும் ஓர் ஓட்டம் உண்டு. 2016 பிப்ரவரியில் லிவர்பூலுக்கு எதிராக மஹ்ரேஸ் தன் பாதியிலிருந்து உதைத்த பந்தைத் தரையில் ஒருமுறை குதிக்கவிட்டு வார்டி தொலைவிலிருந்தே அடித்த கோலைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டது, "அவ்வளவு தூரத்திலிருந்து அடிக்கலாம் என்றால் மற்றவர்கள் ஏன் அடிப்பதில்லை?" என்று. பல விமர்சகர்களும் கேட்டிருக்க வேண்டிய கேள்விதான்.

அதோடு முகங்கள் மாறவேயில்லை. அந்தப் பருவத்தில் தொடக்க வரிசைப் பதினொருவரில் மிகக் குறைவான மாற்றங்கள் செய்த அணி லெஸ்டர். அணித்தலைவர் வெஸ் மோர்கனும் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேலும் 38 ஆட்டங்களில் ஒரு நிமிடத்தையும் தவறவிடவில்லை. பெரிய அணிகளில் வாரத்துக்கு வாரம் ஆட்கள் சுழலும்போது, இடையில் வந்து சேருகிறவருக்குப் பெயர்களைப் பிடித்துவைப்பதே பெரும்பாடு. இங்கே ஆகஸ்டில் கற்ற பதினொரு பெயர்கள் மே மாதம்வரை செல்லுபடியாயின. ரசிகர்களைச் சேர்ப்பது குறித்து எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சொல்லி நான் படித்ததில்லை. என்னளவில் இது மிகப் பெரிய காரணம்.

அந்தப் பதினொருவரும் எங்கிருந்து வந்தார்கள் என்பது எல்லோரும் எழுதித் தீர்த்த பகுதி, விரைவாகக் கடந்துவிடுகிறேன். தொழிற்சாலையில் மருத்துவத் தாங்குபட்டைகள் செய்யும் வேலை பார்த்துக்கொண்டே சிற்றூர் அணிகளில் ஆடிய வார்டியை 2012-இல் பத்து லட்சம் பவுண்டுக்கு லெஸ்டர் வாங்கியது. அவர் 2015 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக, தொடர்ந்து பதினோராவது பிரீமியர் லீக் ஆட்டத்தில் கோலடித்து ரூட் வான் நிஸ்டல்ரோயின் சாதனையை முறியடித்தார். பிரான்ஸின் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த மஹ்ரேஸ், அந்த ஆண்டின் சிறந்த வீரர் என்று சக வீரர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். மார்க் ஆல்பிரைட்டனைச் சிறுவயது முதல் வளர்த்த ஆஸ்டன் வில்லா அவரை வேண்டாமென்று விட்டிருந்தது. லெஸ்டர் பட்டம் வென்ற அதே பருவத்தில் ஆஸ்டன் வில்லா கடைசி இடத்தில் முடிந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. இந்த ஒன்றை மட்டும் நான் கொஞ்சம் ரசித்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஏழை அணி பணக்கார அணிகளை வென்றது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. 2010-இல் கிளப்பை வாங்கிய விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா தாய்லாந்தின் பெருஞ்செல்வந்தர்களில் ஒருவர். விமான நிலையங்களின் வரியில்லாக் கடைகளால் வளர்ந்தவர். மேல்பிரிவுக்கு ஏறிய 2013-14 பருவத்தின் செலவுக் கணக்கு விதிகளுக்கு உட்பட்டதா என்ற நெடுநாள் வழக்கை, 2018-இல் 31 லட்சம் பவுண்டு கொடுத்துத்தான் கிளப் முடித்துக்கொண்டது. அவர் தம் பிறந்தநாளில் மைதானத்துக்கு வந்த எல்லோருக்கும் இலவசமாக பீரும் டோனட்டும் கொடுத்ததைக் கேள்விப்பட்டபோது, இது அன்பா, விலையா என்று நானும் சந்தேகப்பட்டேன். நகரத்தின் குழந்தைகள் மருத்துவமனைக்கு இருபது லட்சம் பவுண்டு கொடுத்தபோது சந்தேகம் சற்றுக் குறைந்தது. அதன் பிறகு ஒன்று தோன்றியது: வாங்குகிறவர்களை வெறும் வாடிக்கையாளர்களாக நினைக்கிற முதலாளி டோனட் கொடுக்க மாட்டார், டோனட்டை விற்பார்.

அந்த நகரத்தின் கதையில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது வேறொன்று. 1972-இல் சர்வாதிகாரி இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை வெளியேற்றியபோது, எங்கள் நகரத்துக்கு வராதீர்கள் என்று லெஸ்டர் மாநகராட்சி உகாண்டாவின் நாளிதழிலேயே விளம்பரம் கொடுத்தது. அதையும் மீறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உட்பட, இன்று நகர மக்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் இந்திய வம்சாவளியினர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கிலாந்தின் கால்பந்து மைதானப் படிக்கட்டுகள் அவர்களுக்குப் பாதுகாப்பான இடங்களாக இருக்கவில்லை. ஆட்ட நாளில் வீட்டுக்குள் இருப்பதே நல்லது என்று பெற்றோர் சொன்ன காலம் அது. அப்படிப்பட்டவர்களின் அடுத்த தலைமுறை 2016-இல் லெஸ்டரின் நீலச் சட்டையில் தெருவுக்கு வந்தபோது, அவர்களைப் பார்த்து, இதுவரை எங்கே இருந்தீர்கள் என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமை இருந்திருக்க முடியாது. பிந்தி வந்தவர்கள் எல்லோரும் சோம்பலால் பிந்தியவர்கள் அல்லர். சிலருக்குக் கதவு பிந்தித்தான் திறந்தது.

அந்தப் பிப்ரவரிக் கடைசியில் நார்விச் அணியுடனான ஆட்டத்தின் 89-ஆம் நிமிடத்தில் லியனார்டோ உல்லோவா கோலடித்தபோது, பல்கலைக்கழக மாணவர்கள் மைதானத்துக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் வைத்திருந்த நிலநடுக்கமானி 0.3 அளவுள்ள அதிர்வைப் பதிவுசெய்தது. மே 2 அன்று செல்சியுடன், இரண்டாம் இடத்தில் துரத்திக்கொண்டிருந்த டாட்டன்ஹாம் 2-2 என்று டிரா செய்ததால், களத்தில் இறங்காமலேயே லெஸ்டர் பட்டத்தை வென்றது. வீரர்கள் வார்டியின் வீட்டில் கூடி, மற்றவர்களைப் போலவே தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள். ரனியேரி அன்று 96 வயதான தம் தாயோடு மதிய உணவு உண்ண இத்தாலிக்குப் போய்வந்திருந்தார். என் அம்மாவுக்கு அந்தப் பருவத்திலேயே முக்கியமான செய்தி இதுதான். இரண்டு வாரம் கழித்து நடந்த வெற்றி ஊர்வலத்துக்கு 2,40,000 பேர் திரண்டதாக மதிப்பிட்டார்கள். மைதானத்தில் 32,000 பேருக்குத்தான் இடம். மிச்சமுள்ள இரண்டு லட்சம் பேர் யார்? எங்களைப் போன்றவர்கள்தான்.

லெஸ்டர் கொண்டாடி முடித்த அடுத்த மாதமே ஐஸ்லாந்து வந்தது. சுமார் 3,30,000 பேர் வாழும் நாடு. ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான யூரோ 2016 போட்டியில் இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்தியது. கைகளை உயர்த்தி ஒரே நேரத்தில் தட்டி 'ஹூ' என்று முழங்கும் அவர்களது ரசிகர்களை உலகமே பார்த்தது. நான் பிறகு படித்தறிந்து வியந்தது அந்தக் கைதட்டலுக்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்ததை. தேசிய அணியின் பயிற்சியாளர்களில் ஒருவரான ஹெய்மிர் ஹால்கிரிம்சன் தொழில்முறைப் பல் மருத்துவர். அணியின் ஆட்டங்களுக்கு வரும் கூட்டம் உற்சாகமில்லாமல் இருப்பதைக் கண்ட அவர், சொந்த மண்ணில் ஆட்டம் நடக்கும் நாளில் ரசிகர் குழு கூடும் மதுக்கூடத்துக்குத் தாமே போனார். தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே அங்கே இருந்தார்கள். அவர்களிடம் அன்றைய பதினொருவர் யார், எப்படி ஆடப்போகிறோம் என்பதையெல்லாம் பத்திரிகைகளுக்குச் சொல்லும் முன்பே சொன்னார். வெளியே சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அங்கே கூட்டம் நூற்றுக்கணக்காகப் பெருகிய பிறகும் அந்த ரகசியம் வெளியே கசியவில்லை.

ரகசியத்தை ஒப்படைப்பதுதான் ஒருவரை உள்ளே சேர்த்துக்கொள்வதற்கான மிகக் குறுகிய வழி என்பது ஒரு பல் மருத்துவருக்குத் தெரிந்திருந்தது; பெரிய கிளப்புகளின் சந்தைப்படுத்தல் துறைகளுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்த அணி 'பல் டாக்டர் டீம்' ஆனது. 2018 உலகக் கோப்பையில் லயனல் மெஸ்ஸியின் பெனால்டியைத் தடுத்த அவர்களது கோல்கீப்பர் ஹானஸ் ஹால்டோர்சன் திரைப்பட இயக்குநர் என்று சொன்னபோது, அந்த ஊரில் வெறுமனே கால்பந்து மட்டும் ஆடுகிறவர் ஒருவர்கூட இல்லையா என்று அம்மா கேட்டார்.

கதவை இறுகச் சாத்திக்கொண்டே மதிக்கப்படுகிற அணிகளும் உண்டு. பெர்லினின் யூனியன் கிளப்பில் 2008-இல் தொடங்கி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் சுமார் 1,40,000 மணிநேரம் தாங்களே உழைத்து மைதானத்தைப் புதுப்பித்தார்கள். 2019-இல் முதல்முறையாக ஜெர்மனியின் முதல் பிரிவான புன்டஸ்லிகாவில் ஆடியபோது, அந்த நாளைக் காணாமலே இறந்துபோன ரசிகர்களின் படங்களை ஏந்தி நின்றார்கள். அதைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது. ஆனால் அங்கே போய் நானும் உங்களில் ஒருவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடன் கொடுத்தவர்களுக்கு நடுவே கைவீசி வந்தவனாகத்தான் நிற்பேன். இருந்தும் அவர்களிடமும் ஒரு திட்டிவாசல் இருக்கிறது. 2003 டிசம்பரில் அணி தோல்விமேல் தோல்வி கண்டுகொண்டிருந்தபோது, 89 ரசிகர்கள் அனுமதியில்லாமல் இருட்டில் மைதானத்துக்குள் நுழைந்து கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடினார்கள். இன்று அந்த இரவில் மைதானமே நிரம்பி 28,500 பேர் மெழுகுவர்த்தியோடு பாடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ஆஃப்சைடு தெரியும் என்று யாரும் வாசலில் கேட்பதில்லை.

பந்திக்கு முந்துகிறவர்கள் பந்தி முடிந்ததும் எழுந்துபோய்விடுவார்கள் என்பதுதான் நெடுநாள் ரசிகர்களின் கடைசி வாதம். அதையும் மறைக்கப்போவதில்லை. பட்டம் வென்று பத்து மாதங்கள்கூட முழுதாக நிறையாத நிலையில், 2017 பிப்ரவரியில் ரனியேரியை நீக்கினார்கள். அணி மீண்டும் இறக்கத்தின் விளிம்புக்கு வந்திருந்தது. கால்பந்துக் கணக்கில் அது சரியான முடிவு என்று அறிந்தவர்கள் சொன்னார்கள். பின்வந்த ஆட்டங்களில் அணி வெல்லவும் செய்தது. அடுத்த ஆட்டத்தன்று அம்மா திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "மணிக்காரர் இல்லையா? அப்போ நான் தூங்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். கைப்பிடியைக் கழற்றிவிட்டால் பாத்திரத்தை எப்படிப் பிடிப்பது? நானும் மெல்லக் குறைத்துக்கொண்டேன்.

2018 அக்டோபர் 27 இரவு, ஆட்டம் முடிந்து மைதானத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் வெளியே சற்றுத் தொலைவில் விழுந்து, விச்சாய் உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். மறுநாள் முதல் மைதானத்தின் வெளிச்சுவரை ஒட்டி மலர்களும் சட்டைகளும் குவியத் தொடங்கின. லெஸ்டரின் நீலம் மட்டுமல்ல, போட்டி அணிகளின் சட்டைகளும் அங்கே இருந்தன. கோயிலுக்கு வருவதுபோல வந்து கைகூப்பிவிட்டுப் போனவர்களைப் படங்களில் பார்த்தேன். அணி அப்போது எதையும் வென்றுகொண்டிருக்கவில்லை. புள்ளிப் பட்டியலின் நடுவில் எங்கோ இருந்தது. ஒரு வாரம் கழித்து கார்டிஃபில் டெமராய் கிரே கோலடித்ததும் சட்டையைக் கழற்றி, உள்ளே எழுதியிருந்த விச்சாயின் பெயரைக் காட்டினார். விதிப்படி அதற்கு மஞ்சள் அட்டை உண்டு, நடுவரும் கொடுத்தார்.

நவம்பர் 10 அன்று சொந்த மைதானத்தில் பர்ன்லியுடன் ஆட்டம். அதற்கு முன்பு ஆயிரக்கணக்கானோர் நகர மையத்திலிருந்து மைதானத்துக்கு நடந்தே போனார்கள். அந்த நடைக்கு 5,000-க்கு 1 என்ற பழைய பந்தய விலையின் பெயரையே வைத்திருந்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு அன்று நான் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தேன். டோனட் கொடுத்த முதலாளி இறந்துபோனார் என்று சொன்னதும் அம்மாவும் வந்து உட்கார்ந்தார். ஓரத்தில் மணிக்காரர் இல்லை. பழைய பதினொருவரிலும் பலர் இல்லை. வார்டி ஓடிக்கொண்டேயிருந்தார். ஆட்டம் 0-0 என்று முடிந்தது. ஒரு கோல்கூட விழாத ஆட்டத்தை அம்மா எழுந்துபோகாமல் முழுதும் பார்த்தது அதுதான் முதல் தடவை.